நாய்க்கு வந்த விசா

டிராசா, லௌதோகா, ஃபிஜி
20 ஆகஸ்ட் 2000

சுசீ,

அக்கா எழுதுகிறேன். மாரியம்மன் புண்ணியத்தில் நானும் நாயும் மூச்சோடு இருக்கிறோம். நீ, மாப்பிள்ளை, சஞ்சனா மூன்று பேரும் ஆக்லாந்துக் குளிரில் எப்படி இருக்கிறீர்கள்? போய் இறங்கியதும் நீ போட்ட கார்டு வந்தது. மொத்தம் நாலு வரி, அதில் மூன்று வரி மழையைப் பற்றி. மாப்பிள்ளைக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அப்புறம் யாருக்குப் பயந்து இப்படி அளந்து எழுதுகிறாய்?

உங்கள் டாக்சி போனதிலிருந்து ராக்கெட் கேட்டையே பார்த்துக்கொண்டு கிடந்தான். நடக்க முடியாத நாய்க்கு உன் மகள் வைத்த பேரைப் பார்! கரும்பு ரயில் தட்டி இடுப்பு ஒடிந்து தண்டவாளத்தோரம் கிடந்தவனை அவள் தூக்கி வந்த அன்றே, ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்றேன். மாட்டு டாக்டரும் அதைத்தான் சொன்னார். யார் கேட்டீர்கள்? இப்போது பின்னங்கால் இரண்டும் துணி மாதிரி இழுபடுகின்றன. மூத்திரம்கூடத் தானாகப் போகாது. மூன்று வேளையும் அடிவயிற்றை அமுக்கி எடுக்க வேண்டும். எல்லாம் என் தலையில். மூன்று மாதத்தில் அவனை அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய், காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.

முதல் வாரம் தொட விடவில்லை. அவன் உறுமினான், நானும் உறுமினேன். இப்போது நான் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு உட்கார்ந்தால் தானாகவே இழுத்துக்கொண்டு வந்து புரண்டு படுக்கிறான். வெட்கம் கெட்டவன்.

ஊர் எப்படி என்று கேட்காதே. இந்தியர் பிரதமராகக் கூடாதென்று துப்பாக்கியோடு பாராளுமன்றத்துக்குள் புகுந்தவர்களைப் பிடித்துவிட்டார்கள் என்று ரேடியோ சொல்கிறது. ஆனால் தெருவில் யாரும் சிரித்துப் பேசுவதில்லை. எங்கள் தையல் ஃபேக்டரியில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. நிலக்காரப் பெரியவர் ஜோனே வந்தார். அப்பா காலத்து லீஸ் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. "அடுத்த ஜூன் வரைக்கும் இரு, அதுக்கப்புறம் என் பசங்க பயிர் வைக்கணும்" என்று இந்தியில் சொன்னார். தலை குனிந்துதான் சொன்னார், அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆக, ஜூனுக்குள் எனக்கு விசா வந்தாக வேண்டும். போனவுடன் மனு போடுகிறேன் என்று மாப்பிள்ளை என்னிடம் சொன்னதை நீ ஞாபகப்படுத்து. வீடும் போய், கூடப்பிறந்தவளும் இல்லாமல் ஐம்பத்தோரு வயதில் நான் எங்கே போவேன்?

உன் அக்கா,
இந்திராவதி


ஆக்லாந்து
24 செப்டம்பர் 2000

அன்புள்ள அக்கா,

நீ சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறேன். நாங்கள் சுகம். சஞ்சனாவுக்குச் சளி, இப்போது பரவாயில்லை.

ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அவர் இப்போது கோழி வெட்டுகிற ஃபேக்டரியில் நிற்கிறார். வீட்டுக்கு வந்தால் பேசுவதில்லை. வீடு சின்னது. ஒரே அறை, அதோடு ஒட்டிய ஒரு கூடம். நானும் ஒரு கடையில் காய்கறி அடுக்குகிறேன்.

உன் விஷயம் விசாரித்தேன் அக்கா. ஊரில் அப்பா, அம்மா, புருஷன், பிள்ளை, கூடப்பிறந்தவர் யாருமே இல்லாத தனியாளாக இருந்தால், இங்கே இருக்கிற தங்கை அழைத்துக்கொள்ளலாமாம். உனக்கென்றே எழுதின மாதிரி இருக்கிறது. இரண்டு வருஷம் பார்த்துக்கொள்கிறோம் என்று நானும் அவரும் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். மனு போன வாரம் போட்டாயிற்று. நீ கவலைப்படாமல் இரு.

சஞ்சனா ராக்கெட்டைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவன் படம் ஒன்று அனுப்பு.

உன் அன்புத் தங்கை,
சுசீலா


டிராசா
29 அக்டோபர் 2000

சுசீ,

உனக்கும் மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் தீபாவளி வாழ்த்து. அங்கே எண்ணெய் தேய்த்துக் குளித்தாயா, இல்லை குளிருக்குப் பயந்து முகத்தை மட்டும் கழுவினாயா? நான் நலம். நாய் என்னைவிட நலம்.

மனு போட்டாயிற்று என்று படித்ததும் அந்தக் கடிதத்துக்கு இரண்டு தரம் முத்தம் கொடுத்தேன். ஃபேக்டரியில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். அவர்களும் ஆளுக்கொரு மனு போட்டவர்கள்தான். சாப்பாட்டு நேரத்தில் வேறு பேச்சே கிடையாது.

ராக்கெட் சிமெண்டில் தேய்த்துத் தேய்த்துப் பின்பக்கம் புண்ணாகிவிட்டது. என்ன செய்வதென்று முழித்தபோது ரராவாயிலிருந்து ப்ரேமிலா வந்தாள். ஞாபகம் இருக்கிறதா, மில்லுக்குப் பின்னால் கரும்பு போட்டிருக்கிறவள், நம் தாத்தாவோடு ஒரே கப்பலில் மதராசிலிருந்து வந்த பொன்சாமித் தாத்தாவின் பேத்தி. கப்பல் சொந்தம் என்று நாம் கேலி செய்வோம். ஆனால் அப்பா செத்தபோது பதினாறு நாளும் நம் வீட்டில் சோறாக்கியவள் அவள்தான். என்னை அக்கா என்றும் கூப்பிட மாட்டாள், இந்தியில் தீதி என்றும் கூப்பிட மாட்டாள், இரண்டையும் சேர்த்து "அக்காதீதி" என்பாள். "அரே அக்காதீதி, லாரி டியூப வெட்டிக் கட்டுங்க, எங்க கன்னுக்குட்டிக்கு அப்படித்தான் செஞ்சோம்" என்றாள். டியூபை வெட்டி, பள்ளிக்கூட யூனிஃபார்ம் துணியில் வார் தைத்து இடுப்பில் கட்டிவிட்டேன். இப்போது முற்றம் முழுக்கக் கோழியைத் துரத்துகிறான். ப்ரேமிலாவுக்கும் வயிற்றை அமுக்கக் காட்டிக்கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே செய்தாள்.

இன்னொன்று. ஆட்கள் வெளிநாடு போகிற வேகத்தில் நாய்களெல்லாம் தெருவுக்கு வந்துவிட்டன. நம் ரோட்டு முனை வீட்டுக்காரர்கள் கனடா போனார்கள். அவர்களுடைய நாலு நாய்களும் பூட்டின கேட்டுக்கு முன்னால் இன்னமும் படுத்திருக்கின்றன. லைசென்ஸ் இல்லாததைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். பயந்துபோய் ராக்கெட்டுக்கு லைசென்ஸ் எடுத்தேன். சொந்தக்காரர் யாரென்று கேட்டார்கள். நாட்டிலேயே இல்லாத பிள்ளையின் பேரை எப்படிக் கொடுப்பது? என் பேரைக் கொடுத்தேன். சஞ்சனாவிடம் சொல், அது தாளில்தான்.

படம் வைத்திருக்கிறேன். நாக்கைத் தொங்கவிட்டிருப்பவன் ராக்கெட், பக்கத்தில் நிற்பது நான்.

அக்கா,
இந்திராவதி


ஆக்லாந்து
14 ஜனவரி 2001

அக்கா,

பொங்கலன்று எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போட நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. வேலை.

மனு வரிசையில் இருக்கிறதாம். கலவரத்துக்கப்புறம் எல்லாரும் போட்டிருப்பதால் மெதுவாகத்தான் நகருமாம்.

சஞ்சனா பள்ளிக்கூடத்தில் யாரோடும் பேசுவதில்லை என்று டீச்சர் கூப்பிட்டனுப்பினாள். உன் படத்தைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்குகிறாள். நாய் இருக்கிற பாதியை மட்டும். படத்தை வெட்டிவிட்டாள், திட்டினேன்.

இங்கே கோடை என்கிறார்கள். எனக்குத் தெரியவில்லை.

சுசீலா


டிராசா
11 பிப்ரவரி 2001

சுசீ,

நலமா? நாங்கள் இருக்கிறோம்.

வெட்டின பாதியை என்ன செய்தாள்? குப்பையில் போட்டிருந்தால் எடுத்து வை.

உன் கடிதத்தில் ஒன்று புரியவில்லை. ஃபேக்டரியில் அஷ்னா என்று ஒரு பெண், நமக்கப்புறம் நவம்பரில் மனு போட்டவள். அவளுக்கு ஒரு ஃபைல் நம்பர் வந்திருக்கிறது. அதைச் சாமி படத்துக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறாளாம். மனு போட்டவர்கள் எல்லாருக்கும் நம்பர் உண்டாம். என்னுடையது என்ன? மாப்பிள்ளையிடம் கேட்டு எழுது. வெறும் நம்பர்தானே, ஒரு வரியில் எழுதிவிடலாம்.

ஜோனே மறுபடி வந்தார். ஜூன் முப்பது என்று தேதியே சொல்லிவிட்டார். ராக்கெட் அவரைப் பார்த்துக் குரைத்தான், அவர் பெட்டியிலிருந்து வேகவைத்த மரவள்ளிக்கிழங்கை எடுத்துக் கொடுத்தார். அதற்கப்புறம் குரைக்கவில்லை. நாயை வாங்குவது சுலபமாக இருக்கிறது.

நான் பகலெல்லாம் கேட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன் சுசீ. தபால்காரன் சைக்கிள் சத்தம் கேட்டால் அவனும் தலையைத் தூக்குகிறான், நானும் தூக்குகிறேன். நம்பரை எழுது.

இந்திராவதி


ஆக்லாந்து
25 மார்ச் 2001

என் அருமை அக்கா,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதக்கூடப் பொறுமை இல்லை, அவ்வளவு சந்தோஷம்!

சஞ்சனா வகுப்பில் எழுந்து ராக்கெட் கதையைச் சொல்லியிருக்கிறாள். ரயில், டியூப், நீ அமுக்குவது எல்லாம். வாய் திறந்ததே அன்றைக்குத்தான். டீச்சர் அழுதுவிட்டாளாம். அவளுக்குத் தெரிந்த நாய்ப் பிரியர் சங்கம் ஒன்று இருக்கிறது. அந்த அம்மாக்கள் எங்கள் வீட்டுக்கே கேக் எடுத்துக்கொண்டு வந்தார்கள். கலவரம் நடந்த நாட்டில் ஊனமான ஒரு நாய் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று ஊரெல்லாம் கேட்டுப் பணம் சேர்த்துவிட்டார்கள். விமானம், ஆஸ்பத்திரி, பின்னங்காலுக்குச் சக்கர வண்டி, எல்லாம் அவர்கள் பொறுப்பு. உள்ளே வருவதற்கு அனுமதியும் வாங்கிவிட்டார்கள். ஐந்தே வாரம்!

அக்கா, ராக்கெட்டுக்கு விசா வந்துவிட்டது!

ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. லைசென்சில் உன் பேர் இருப்பதால் நீதான் சொந்தக்காரர். அனுப்பச் சம்மதம் என்று கூட இருக்கிற தாளில் கையெழுத்துப் போட்டு, நாய்க்கு மருத்துவச் சான்றும் வாங்கி அனுப்பு. சீக்கிரம் அனுப்பு.

உன் தங்கை,
சுசீலா

நம்பர் விஷயம் கேட்டிருந்தாய். அவர் தேடிக்கொண்டிருக்கிறார்.


டிராசா
22 ஏப்ரல் 2001

சுசீலாவுக்கு,

நீங்கள் எல்லாரும் சுகம் என்று தெரிகிறது. நான் சுகமில்லை.

ராக்கெட்டின் சான்றுக்கு என்னென்ன வேண்டும் என்று விசாரிக்கச் சூவாவுக்குப் போனேன். ப்ரேமிலா வந்து நாயோடு தங்கினாள். பஸ்ஸில் ஐந்து மணி நேரம், முட்டி இரண்டும் பிடித்துக்கொண்டன. அவ்வளவு தூரம் போனவள், நம் நம்பரையும் கேட்டுவிடலாம் என்று விசா ஆபீசுக்குள் நுழைந்தேன். கவுண்டரில் லம்பாசா ஊர்ப் பெண் ஒருத்தி, சின்ன வயசு. என் பேர், அப்பா அப்பல்சாமி பேர், உன் பேர், மாப்பிள்ளை பேர் எல்லாம் வாங்கி மூன்று தடவை தேடினாள். "ஆண்ட்டி, உங்க பேர்ல மனுவே வரலையே. போட்டாங்களான்னு நல்லாக் கேட்டீங்களா?" என்றாள். நான் அவளிடம் போய், "என் தங்கச்சி பொய் சொல்ல மாட்டா" என்று சண்டை போட்டேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

செப்டம்பரில் போட்டாயிற்று. ஜனவரியில் வரிசையில் இருக்கிறது. மார்ச்சில் அவர் தேடிக்கொண்டிருக்கிறார். எதைத் தேடுகிறார்?

நாய்க்கு ஐந்து வாரத்தில் வந்தது. அதற்காக ஒரு ஊரே பணம் போட்டது. எனக்கு ஒரு கையெழுத்து, அதைப் போட ஒருத்தர் இல்லை. நான் நாலு காலில் தவழ்ந்தால் கேக் எடுத்துக்கொண்டு வருவார்களா என்று கேள்.

உன் தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. போடப்போவதும் இல்லை. இவனும் போய்விட்டால் இந்த வீட்டில் என் பேச்சைக் கேட்க ஒரு ஜீவன் கிடையாது.

இந்திராவதி


ஆக்லாந்து
6 மே 2001

அக்கா,

எந்த முகத்தோடு உன் நலம் விசாரிப்பேன்?

மனு போடவில்லை. நான் நிரப்பினேன். அவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். "உன் அக்கா வந்தா ரெண்டு வருஷம் யார் பார்க்கிறது? நான் கோழி வெட்டுறது போதாதா?" என்று கத்தினார். முதல் மாதம் மனசு மாறும் என்று நினைத்து உனக்குப் பொய் எழுதினேன். அப்புறம் அந்தப் பொய்யை விட்டு வெளியே வரத் தெரியவில்லை. நிரப்பின தாள் இன்னும் அரிசி டின்னுக்குள் இருக்கிறது. அரிசி எடுக்கும்போதெல்லாம் பார்க்கிறேன்.

அவர் கெட்டவர் இல்லை அக்கா. இங்கே வந்த பிறகு அவருக்கு எல்லாமே பயம். எனக்கு அவரைக் கண்டு பயம். சம்பளக் கவரைப் பிரிக்காமல் அவர் கையில் கொடுக்கிறேன், இந்தக் கடிதத்துக்கு ஸ்டாம்புகூடக் கேட்டுத்தான் வாங்குகிறேன். விமானம் ஏறினால் எல்லாம் சரியாகும் என்று நினைத்தோமே, என்ன பைத்தியக்காரத்தனம்.

ஒன்று சொல்கிறேன், தமிழில் எழுதுவதால் தைரியமாகச் சொல்கிறேன். நீ கையெழுத்துப் போடாதே. நாய் வரப்போகிறது என்று பேப்பர்க்காரன் வந்து அவரைப் படம் பிடித்துப் போய்விட்டான். இப்போது வரவில்லை என்றால் அவருக்கு மானம் போகும். என் மனுவில் போட்டால்தான் நாயின் தாளில் போடுவேன் என்று அவருக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுது. கெட்டியாக நில். கொஞ்ச நாள் இழுத்தால் போட்டுவிடுவார்.

நான் சொன்னேன் என்று மட்டும் எழுதிவிடாதே.

சுசீலா


டிராசா
24 ஜூன் 2001

சுசீ,

எப்படி இருக்கிறாய் என்று இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

நீ சொன்ன மாதிரி இங்கிலீஷில் கடிதம் எழுதினேன். நன்றாகவே எழுதினேன், படித்தால் மாப்பிள்ளைக்கு வேர்த்திருக்கும். கவரை ஒட்டி மேஜைமேல் வைத்தேன். மறுநாள் காலையில் ராக்கெட்டின் வயிற்றை அமுக்கினால் ரத்தமாக வந்தது. தூக்கிக்கொண்டு டவுனுக்கு ஓடினேன். மாட்டு டாக்டர் கதவில் பூட்டு. குடும்பத்தோடு பிரிஸ்பேன் போய்விட்டாராம். வேறொருவர் ரராவாய்ப் பக்கம் இருக்கிறார் என்றார்கள், ப்ரேமிலா வண்டி பிடித்து வந்து கூட்டிப்போனாள். அவர் மாத்திரை கொடுத்தார், சான்றும் எழுதிக் கொடுத்தார். "இங்க இதுக்கு மேல முடியாதும்மா, வழி இருந்தா அனுப்பிடுங்க" என்றார்.

கொஞ்ச நாள் இழுக்கச் சொன்னாய். என் காரியத்தை இழுக்கலாம். அவன் மூத்திரத்தில் ரத்தத்தை வைத்துக்கொண்டு நான் எப்படி இழுப்பது? கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டு நாயின் தாளில் கையெழுத்துப் போட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளைக்கு அந்த ஒரு நிமிஷம் பத்து மாதமாகக் கிடைக்கவில்லை.

நாளை மறுநாள் நாந்தி ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விடுகிறேன். அதை நினைத்து இப்போதே அழுகிறேன், அவன் என் முகத்தை நக்கிக்கொண்டிருக்கிறான். கவனமாகக் கேள். கையைச் சூடாக்கிக்கொண்டுதான் தொட வேண்டும். இடது கை முதுகில், வலது கை கடைசி விலாவுக்குக் கீழே. அவசரப்பட்டால் இறுக்கிக்கொள்வான். பேசிக்கொண்டே செய்ய வேண்டும், என்ன பேசினாலும் சரி. நான் உன்னைத் திட்டிக்கொண்டே செய்வேன்.

வீட்டைக் காலி செய்தாயிற்று. ஜோனே இரண்டு பையன்களை அனுப்பிச் சாமானை லாரியில் ஏற்றிக் கொடுத்தார். என் தையல் மிஷினும் நானும் ரராவாய்க்குப் போகிறோம். ப்ரேமிலா தன் மகன் அறையைக் காலி செய்துவிட்டாள். எத்தனை நாளைக்கு என்று நானும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இனி என் மனுவைப் பற்றி எழுதாதே.

உன் அக்கா,
இந்திராவதி


ஆக்லாந்து
5 ஆகஸ்ட் 2001

அக்கா,

ப்ரேமிலா வீட்டில் சௌகரியமா? முட்டி வலி எப்படி இருக்கிறது? ராக்கெட் பிழைத்துக்கொண்டான். ரத்தம் நின்றுவிட்டது. சக்கர வண்டியில் அவனும் சஞ்சனாவும் பார்க்கில் ஓடுவதைப் பார்த்தால் கண்ணில் தண்ணீர் வருகிறது. பேப்பரில் படம் வந்தது, அவர்தான் வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

ஆனால் யாரையும் வயிற்றைத் தொட விடமாட்டேன் என்கிறான். அவரை இரண்டு தடவை கடித்துவிட்டான். சஞ்சனாவுக்கு அமுக்கப் பலமில்லை. எனக்குப் பயம். தினமும் மூன்று தரம் சங்கத்து அம்மாக்கள் முறைவைத்து வந்து துணியால் வாயைக் கட்டிச் செய்கிறார்கள். இப்படியே போனால் வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். அதைக் கேட்டதிலிருந்து சஞ்சனா மறுபடி பேசுவதில்லை.

அடுத்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவர் சொன்னபடியே எழுதுகிறேன், உன்னிடம் இனி மறைக்க மாட்டேன். "உன் அக்காவ வரச் சொல்லு. நாய்க்கு ஆள் வேணும்ல" என்றார். சொல்லிவிட்டு அரிசி டின்னிலிருந்து நானே எடுத்துக் கொடுத்த தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார். நானே தபாலில் போட்டேன், ரசீதும் வைத்திருக்கிறேன். உன் ஃபைல் நம்பரும் வந்துவிட்டது, 4417. சூவாவில் கூப்பிடுவார்கள்.

கோபித்துக்கொள் அக்கா. எவ்வளவு வேண்டுமானாலும் கோபித்துக்கொண்டு வந்துவிடு. எனக்கும் நீ வேண்டும்.

சுசீலா


ரராவாய், பா டவுன்
7 அக்டோபர் 2001

சுசீ,

நாங்கள் எல்லாரும் நலம். மில் ஓடுகிறது, வீடு முழுக்கக் கரி பறக்கிறது. குழந்தைக்கு என் முத்தம். ராக்கெட்டுக்கும்தான்.

சூவாவில் கூப்பிட்டார்கள், போனேன். அதே லம்பாசாப் பெண். நம்பரைச் சொன்னதும் அவளுக்கே சந்தோஷம். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். புருஷன்? கிடையாது. பிள்ளை? கிடையாது. அப்பா, அம்மா? இல்லை. "கூடப்பிறந்தவங்க ஃபிஜியில யாராவது?" என்றாள். "ஒரு தங்கச்சி இருக்கா, ப்ரேமிலா, ரராவாயில, அவ வீட்லதான் இருக்கேன்" என்றேன். அவர்கள் நிரப்பச் சொன்ன தாளிலும் அப்படியே எழுதியிருந்தேன். யோசித்து எழுதவில்லை, வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "ஆண்ட்டி, தங்கச்சி இருந்தா நீங்க தனியாள் இல்லையே, மனு நிக்காதே" என்றாள். கப்பல் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டாள். "எனக்கும் அப்படி ஒம்பது மாமா இருக்காங்க. பரவால்ல. உறவு கிடையாதுன்னு நீங்க ஒரு தாள், அவங்க ஒரு தாள், ஜே.பி. முன்னால கையெழுத்துப் போட்டு மாசக் கடைசிக்குள்ள கொண்டு வாங்க. நான் பார்த்துக்கிறேன்" என்றாள். நல்ல பெண்.

இங்கே சத்தியத்தாள் எழுதிக்கொடுக்கிற ஜே.பி. பாலசுப்பிரமணி இரண்டையும் டைப் அடித்துக் கொடுத்தார். 'இந்திராவதிக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை. ஃபிஜியில் அவருக்கென்று யாரும் இல்லை.' இரண்டே வரி. வீட்டுக்கு வந்து ப்ரேமிலாவிடம் நீட்டினேன். ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். முழுக்கப் படித்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, "பேனா குடுங்க அக்காதீதி, எங்க போடணும்?" என்றாள். நான் பேனாவைக் கொடுக்கவில்லை. "அரே, வெறும் தாள்தானே! போனா நீங்க தங்கச்சியோட இருக்கலாம். நாளைக்கே ஜே.பி. கிட்டப் போகலாம்" என்று அவள்தான் என்னைத் தேற்றினாள்.

வெறும் தாள்தான். நீ எனக்கு எழுதினதும் வெறும் தாள்தான் சுசீ. ஏழு மாதம் நான் அதை நம்பி, கேட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வர ஆசையில்லை என்று எழுதினால் அது பொய். உன்னைப் பார்க்க வேண்டும், அவன் வயிற்றில் கை வைக்க வேண்டும், காலையில் பயமில்லாமல் கதவைத் திறக்க வேண்டும். இங்கே எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இவர்கள் லீஸும் இன்னும் நாலு வருஷத்தில் முடிகிறது, அதற்கப்புறம் எங்கே என்று ப்ரேமிலாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு கையெழுத்துப் போட்டால் கதவு திறக்கும். மூன்று நாள் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றினேன். சோறு இறங்கவில்லை. எனக்கு யாரும் இல்லை என்று எழுதின தாளை, அவள் போட்ட சோற்றுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது?

நேற்று அந்தப் பெண்ணுக்குப் பதில் போட்டுவிட்டேன். நான் தனியாள் இல்லை, மனுவை மூடிவிடுங்கள் என்று. ப்ரேமிலாவிடம் சொன்னதற்கு, "பாகல்! பைத்தியம்!" என்று என் முதுகில் இரண்டு அறை வைத்தாள். அப்புறம் சமையலறைக்குப் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

மாப்பிள்ளையிடம் சொல், நாய்க்கு ஆள் வரவில்லை. வாயைக் கட்டாதே, அவனுக்கு அது அவமானம். ஏற்கெனவே எழுதியிருக்கிறேன், எடுத்துப் படி. நீ செய்யலாம். யாருக்கோ பயந்து பயந்து உன் கை ஜில்லென்று கிடக்கிறது, அதுதான் அவன் விடமாட்டேன் என்கிறான். தமிழில் பேசிக்கொண்டே செய், அவனுக்குப் புரியும். அவனை யாருக்கும் கொடுத்துவிடாதே.

இப்படிக்கு,
இரண்டு தங்கைகளுக்கு அக்கா,
இந்திராவதி